நாலு பொம்பிளை வயது வீடு

"உக்கிப் போச்சு ஐயா, தொட்டாலே தூளாக் கொட்டுது, இதைப் பாருங்கோ…"

"தொடாதேங்கோ எண்டுதானே நானும் சொல்லுறன், அது நூற்றிப் பதினேழாம் இலக்கம்…"

"இலக்கம் கிடக்கட்டும் ஐயா, மழை வந்தா அதுக்குள்ளாலதான்…"

"மழை வேற திணைக்களம். கையை எடுங்கோ."

கைருன்னிஸா கையை எடுத்தாள். விரலில் ஒட்டியிருந்த தென்னோலைக் கிடுகுத் தூளைச் சேலையில் துடைக்கப் போனவளை, "துடைக்காதேங்கோ, அதுவும் அந்த இலக்கத்துக்குள்ளதான் வரும்" என்று தில்லைநாதன் தடுத்தார். அவர் வன்னிப் பழம்பெருங் குடியிருப்புப் பேணற் சபையின் செயலாளர். காற்சட்டையும் வெள்ளைச் சட்டையும் போட்டு, கைக்குட்டையை மடித்துக் கழுத்துப் பட்டிக்குள் செருகி, தண்ணீரூற்று ஊரின் புளியடி ஒழுங்கைச் சந்தில் அவள் வீட்டு முற்றத்தில் நின்றார். ஏணியில் நின்றவர் கனகலிங்கம், சபையின் கட்டடக்கலை நிபுணர். ஒரு தகரத்தில் வெள்ளை மை வைத்துக்கொண்டு கூரைக் கிடுகு ஒவ்வொன்றுக்கும் இலக்கம் எழுதிக்கொண்டிருந்தார். ஏணி அவருடையதல்ல. அதைக் கொண்டுவந்தவன் மத்தேயு. கடலுக்குப் போகாத நாட்களில் ஊரூராகக் கூரை வேய்கிறவன். பழைய கிடுகைப் பிரித்துப் புதிதை ஏற்றத்தான் அன்று காலையில் வந்தான். இப்போது நிபுணர் விழாமல் ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"ஐயா, இது போன வருசம் நான் பின்னின கிடுகு" என்றான் மத்தேயு, அண்ணாந்து பார்த்து.

"நூற்றிப் பதினெட்டு" என்றார் கனகலிங்கம்.

"என்ர மனிசியும் நானும் பின்னினது. அந்த மூலையில முடிச்சுப் பிழைச்சிருக்கே, அது அவளின்ர கை."

கனகலிங்கம் குனிந்து முடிச்சைப் பார்த்தார். பிறகு கீழே நின்ற செயலாளரிடம், "எழுதுங்கோ. நூற்றிப் பதினெட்டு, விசேட முடிச்சு. ஒல்லாந்தர் காலம்" என்றார்.

இந்தக் கதைக்குக் காரணம் கைருன்னிஸாவின் வாய்தான். அதை அவளே யாருக்கும் ஒளித்ததில்லை.

ஆடி மாதத்தில் சபையின் ஜீப் வண்டி அந்த ஒழுங்கை மணலில் புதைந்தது. மாவட்டத்துக்கு ஒரு பழம்பெருங் குடியிருப்பைக் கண்டுபிடித்துப் புரட்டாதிக்குள் அறிக்கை அனுப்பவேண்டும் என்று கொழும்பிலிருந்து சுற்றுநிருபம் வந்திருந்தது. சபை இரண்டு மாதமாகத் தேடிக்கொண்டிருந்தது. பெரும்பாலும் வாடிவீட்டு விடுதியில் இருந்து தேடியது. ஜீப்பைத் தள்ள ஆட்கள் வரும்வரை கனகலிங்கம் வேலிப் படலையில் நின்று குடிக்கத் தண்ணீர் கேட்டார். கைருன்னிஸா மகள் ஜெமீலாவின் கையில் செம்பைக் கொடுத்தனுப்பினாள். தண்ணீர் குடித்து முடித்த மனிதர் சும்மா போயிருக்கலாம்.

"வீடு பழைய வீடுபோல கிடக்கு. என்ன வயது அம்மா?"

கைருன்னிஸா வேலிக்கு உள்ளே நின்றபடி சொன்னாள்: "நாலு பொம்பிளை வயது ஐயா."

அவர்கள் வீட்டுக்கு வயது பார்ப்பது அப்படித்தான். வீடு மகளுக்குச் சீதனம். கலியாணம் முடிந்து மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து குடியேறுவான். கைருன்னிஸாவுக்கு உம்மா கொடுத்த வீடு அது. உம்மாவுக்கு அவருடைய உம்மா, அவருக்கு இன்னோர் உம்மா. இடையில் சுவர் நான்கு தடவை விழுந்து எழும்பியிருந்தது. கூரை வருடா வருடம் மாறியது. யன்னல், உலகச் சண்டைக்காலத்துப் பட்டாள முகாமைக் கழற்றி விற்றபோது அவளுடைய காலஞ்சென்ற கணவர் வாங்கிவந்த பலகை. ஆனாலும் அது நாலு பொம்பிளை வயது வீடு. அதில் யாருக்கும் சந்தேகமில்லை. ஐந்தாவதாக ஜெமீலாவுக்கு நாள் குறித்திருந்தது. அந்த வருடம் மார்கழியை ஒட்டி வந்த ரஜபு மாதம் நிக்காஹ். மாப்பிள்ளை நெளுக்குளத்து மஹ்றூபின் மகன் அப்துல் மஜீத். அந்தப் பெருமையும் சேர்ந்துதான் அவள் குரல் அன்று சற்று உயர்ந்திருந்தது.

கனகலிங்கம் ஜீப்பின் முன்மூடியில் தாள் வைத்துக் கணக்குப் போட்டார். ஒரு பெண்ணுக்கு அறுபது வருடம். நாலு பெண்ணுக்கு இருநூற்று நாற்பது. நடப்பது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்திரண்டு, ஆகவே வீடு கட்டப்பட்டது ஆயிரத்து எழுநூற்று இருபத்திரண்டில். ஆகவே ஒல்லாந்தர் காலம். ஆகவே யன்னல் ஒல்லாந்தர் யன்னல். ஜீப் மணலிலிருந்து வெளியே வந்தபோது ஒழுங்கையின் பன்னிரண்டு வீடுகளும் சரித்திரத்துக்குள் போய்விட்டன.

உத்தரவு ஆவணியில் வந்தது. சிங்களத்தில் வந்தது. தில்லைநாதனுக்கும் அதை வாசிக்கத் தெரியாது. ஆனால் முத்திரையை மதிக்கத் தெரிந்திருந்தது. அதனால் அதன் கருத்தை அவரே ஊகித்து ஊருக்கு விளக்கினார்: எதையும் மாற்றக் கூடாது, கூட்டக் கூடாது, குறைக்கக் கூடாது. மீறினால் மறியல், ஆறு மாதச் சிறை.

முதலில் வேலியில் கை வைத்தார்கள். அந்த ஒழுங்கைப் பெண்கள் தெருவால் நடப்பதில்லை. வீட்டுக்கு வீடு கிடுகு வேலியில் ஓர் ஆள் நுழையும் அளவுக்குப் பொட்டு என்ற இடைவெளி விட்டிருந்தார்கள். உப்புக் கேட்பதும், பிள்ளைப்பேறு பார்க்கப் போவதும், கோள் சொல்வதும் அந்தப் பொட்டுகளால்தான். முதல் வீட்டில் நுழைந்தால் பன்னிரண்டாம் வீட்டுக் கிணற்றடியில் வெளியே வரலாம். நல்ல தண்ணீர் அந்தக் கிணற்றில் மட்டும்தான்.

"வேலியின் தொடர்ச்சிதான் இந்த ஒழுங்கையின் கட்டட இலட்சணம்" என்றார் கனகலிங்கம். "ஆரோ இடையிடையே கிழிச்சிருக்கினம்."

"கிழிக்கேல்லை ஐயா, அது நாங்கள் போய்வாற வழி."

"எந்த ஆண்டிலயிருந்து போய்வாறியள்?"

"ஆண்டு தெரியாது. காலையில போவம்."

பதினொரு பொட்டுகளும் அரசாங்கக் கம்பியால் கட்டப்பட்டன. பெண்கள் இரண்டு கிழமை உவர்த் தண்ணீரில் சமைத்தார்கள். பிறகு ஆண்கள் தண்ணீர் அள்ளத் தொடங்கினார்கள். சபையின் அறிக்கையில் அந்தப் பகுதிக்குப் புதிதாக ஒரு வரி சேர்ந்தது: 'இக்குடியிருப்பில் நீர் சுமப்பது தொன்றுதொட்டு ஆண்களின் வழக்கம்.'

அடுத்ததாகக் கூரைக்கு வந்தார்கள். ஆயிரத்து நூற்று நாற்பது கிடுகுக்கும் இலக்கம் போட்டுவிட்டு, நிபுணர் மத்தேயுவின் ஏணியால் இறங்கினார். மத்தேயு பின்னிக் கொண்டுவந்த புதுக் கிடுகு குசினிப் பக்கம் அடுக்கிக் கிடந்தது.

"உம்மா, எனக்கும் நெத்தியில ஒரு நம்பர் போட்டுவிடச் சொல்லுங்கோ" என்றாள் ஜெமீலா. "அப்பிடியே அசையாமல் நிக்கிறன்."

"வாயை மூடு. கேட்டாப் போட்டிடுவான்."

புரட்டாதி முடிய மூன்று நாள் சிறுமழை பெய்தது. கைருன்னிஸா கூடாரம் போட்ட மாட்டு வண்டியில் முல்லைத்தீவுக்குப் போனாள், சபையின் மாதக் கூட்டத்தில் தன் வழக்கைச் சொல்ல. மத்தேயு வண்டியோடு நடந்தான். சபைக் கூட்டம் நடந்த கந்தோருக்குச் சீமெந்துத் தரை, ஓட்டுக் கூரை, இரண்டு மின்விசிறி. சுவரில் கிடுகு வீடு ஒன்றின் படத்தைக் கண்ணாடி போட்டு மாட்டியிருந்தார்கள்.

"ஒழுக்கு எத்தினை நாளா இருக்கு?" என்று கேட்டார் தில்லைநாதன்.

"மூண்டு நாளா ஐயா."

"அப்ப அது சரித்திரத்துக்குள்ள வராது. அதைப்பற்றிச் சபை கதைக்கேலாது."

"கூரை?"

"கூரை வரும். கூரையைச் சபை பாதுகாக்கும்."

"ஐயா, எனக்குப் பாதுகாக்கத் தேவையில்லை. வேயத்தான் வேணும். ரஜபில பிள்ளைக்கு நிக்காஹ். இந்த வீட்டை நல்லபடியா அவவின்ர கையில குடுக்கவேணும்."

"வீட்டின்ர வயதை ஆர் சொன்னது? நீங்களே சொன்னது."

"நான் சொன்னது பொம்பிளையளின்ர கணக்கு ஐயா. எங்களுக்கு வீடெண்டா சுவரில்லை. உம்மா மகளுக்குக் குடுக்கிறதுதான் வீடு. சுவர் விழும், கட்டுவம். கிடுகு உக்கும், மாத்துவம். மாத்தி மாத்தித்தான் அது நாலு பொம்பிளைக்கு இருந்தது. மாத்தாமல் விட்டிருந்தா என்ர உம்மாவோடயே முடிஞ்சிருக்கும்."

கூட்டத்தில் தூங்கிய ஓர் உறுப்பினர் விழித்துக்கொண்டார். தில்லைநாதன் பேனையைக் கீழே வைத்தார்.

"அம்மா, விளக்கமாச் சொல்லுறன். சுவர் புதுசெண்டா வீடு புதுசு. வீடு புதுசெண்டா நீங்கள் சபைக்குப் பொய் சொன்னனீங்கள். பொய்யெண்டா வழக்கு. வீடு பழசெண்டா கிடுகு மாத்தேலாது. பொய்யா, கிடுகா? உங்கட விருப்பம். ஆரையும் வற்புறுத்துறது சபையின்ர வழக்கமில்லை."

கைருன்னிஸா மத்தேயுவைப் பார்த்தாள். மத்தேயு தன் தொப்பியைப் பார்த்தான்.

இரக்கப்பட்டவர் கனகலிங்கம்தான். அவர் முன்பு பாலம் கட்டுகிற ஓவசியராக இருந்தவர். அவர் கட்டிய மூன்று மதகில் இரண்டில் தண்ணீர் மறுபக்கம் ஓடும். ஓய்வுபெற்ற பிறகு நிபுணரானார். அவர் எழுந்து, "ஒரு வழி இருக்கு. புதுக் கிடுகு போடலாம். ஆனா அது பழைய கிடுகின்ர நிறத்துக்கு வரவேணும். ஒரு வருசம் வெயில் மழையில விரிச்சு வையுங்கோ. நிறம் வந்த பிறகு ஏத்துங்கோ" என்றார்.

"நிறம் வரேக்க கிடுகும் உக்கிடுமே ஐயா" என்றான் மத்தேயு.

"அதுதான் தேவை."

எல்லோரும் தலையாட்டினார்கள். தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. தேநீரும் வடையும் வந்தன. கைருன்னிஸாவுக்கும் ஒரு வடை கொடுத்தார்கள். அவள் அதை மாட்டுக்குப் போட்டாள்.

ஐப்பசியில் மஹ்றூப் சம்மந்தி வந்தார், வீடு பார்க்க. நல்ல மனிதர். வாயால் ஒருவரைப் புண்படுத்தாதவர். விறாந்தைக் கதிரையில் இருந்தவர் அண்ணாந்து பார்த்து, "இதென்ன தங்கச்சி, கூரையில கணக்குச் செய்திருக்கிறியள்?" என்றார். கைருன்னிஸா சொன்னாள். அவர் கேட்டார். ஒரு சொட்டுத் தண்ணீர் மேலேயிருந்து அவருடைய தேத்தண்ணிக்குள் விழுந்தது. அதை அவர் காணாததுபோல் குடித்தார்.

"மஜீத் எந்த வீட்டில இருந்தாலும் இருப்பான். ஆனா அவன்ர உம்மா கேப்பா. மழைக்குள்ள பிள்ளையைக் குடியேத்துறதோ எண்டு கேப்பா."

"வேய்ஞ்சிடுவம் நானா" என்றாள், அண்ணன் முறை வைத்து.

"வேய்ஞ்சிடுங்கோ. கார்த்திகை முடியுமட்டும் பாப்பம். வவுனியாவில ஒரு இடத்திலயும் கேட்டிருக்கினம். ஓட்டு வீடு. நான் இன்னும் மறுமொழி சொல்லேல்லை."

அவர் போன பிறகு உம்மாவும் மகளும் சட்டி, பானை, கிடாரம் எல்லாவற்றையும் ஒழுக்குக்குக் கீழே வைத்து முடிய, சமைக்க ஒன்றும் மிஞ்சவில்லை.

"மத்தேயுவைக் கூப்பிட்டு வேய்வம் உம்மா. பிடிச்சா நான் மறியலுக்குப் போறன்."

"நீ மறியலுக்குப் போனா நான் வீட்டை ஆருக்குக் குடுக்க?"

மத்தேயுவையும் கூப்பிட முடியாது. ஏணியோடு அந்த ஒழுங்கைக்குள் கண்டால் ஏணியை எடுத்துக்கொள்வோம் என்று அவனுக்குச் சொல்லியிருந்தார்கள். அவனிடம் இருந்தது ஒரு வள்ளத்தில் கால் பங்கும் அந்த ஏணியும்தான்.

கார்த்திகை பத்தில் மழை பிடித்தது. மண்சுவர் பக்கத்தால் வருகிற தண்ணீரைத் தாங்கும், மேலால் இறங்குகிற தண்ணீரைத் தாங்காது. இது அந்த ஒழுங்கையில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். நான்காம் நாள் லுஹர் தொழுகைக்குப் பிறகு உம்மாவும் மகளும் குசினிக்குள் இருக்கையில், மேற்குச் சுவர் பெரிய சத்தமொன்றும் இல்லாமல், களைத்த மாடு முன்னங்காலை மடித்துப் படுப்பதுபோல் அமர்ந்துவிட்டது. கூரை அதன் மேல் சாய்ந்தது. ஒன்று முதல் ஆயிரத்து நூற்று நாற்பது வரை எல்லா இலக்கமும் சேற்றுக்குள் போனது.

பக்கத்து வீட்டுப் பெண்கள் கம்பியை அறுத்துக்கொண்டு பொட்டுகளால் ஓடிவந்தார்கள், அழத் தயாராக. கைருன்னிஸா அழவில்லை. மழைக்குள் நின்று மண் குவியலைப் பார்த்தவளின் முகத்தில் ஆவணிக்குப் பிறகு முதன்முதலாக ஒரு தெளிவு வந்தது.

"என்னடி சிரிக்கிறாய்? வீடெல்லோ விழுந்துபோச்சு."

"இனி அவங்களுக்கு இங்க என்ன வேலை? பாதுகாக்க என்ன கிடக்கு? ஆளனுப்பி மத்தேயுவுக்குச் சொல்லுங்கோ. மண் இருக்கு, தண்ணி இருக்கு. பத்து நாளில எழுப்புவம். ஐஞ்சாந்தரம்."

மறுநாள் மழை விட்டது. மத்தேயு வந்தான். ஒழுங்கை ஆண்கள் எட்டுப்பேர் மண் குழைத்தார்கள். பெண்கள் தேத்தண்ணி ஊற்றினார்கள். நெளுக்குளத்துக்குச் சொல்லியனுப்பினார்கள்: வீடு எழும்புது, கார்த்திகைக்குள் முடியும், வந்து பாருங்கோ. இரண்டாம் நாள் பின்னேரம் மேற்குச் சுவரோரம் முழங்கால் உயரத்துக்குப் புதுமண் ஏறியிருந்தது.

மூன்றாம் நாள் ஜீப் வந்தது. கயிற்றோடு வந்தது.

"கையை எடுங்கோ, கையை எடுங்கோ" என்று கனகலிங்கம் ஓடிவந்தார். அவர் கண் கலங்கியிருந்தது. "அம்மா, வாழ்த்துக்கள்."

"என்னத்துக்கு?"

"இவ்வளவு நாளும் உங்கட வீடு மூண்டாம் வகுப்பு. ஆக்கள் இருக்கிற கட்டடமெல்லாம் மூண்டாம் வகுப்புத்தான். இடிபாடு முதலாம் வகுப்பு. எங்கட மாவட்டத்தில ஒண்டும் இல்லையெண்டு நான் எவ்வளவு வெக்கப்பட்டிருப்பன்."

"ஐயா, நாங்கள் கட்டிக்கொண்டிருக்கிறம்."

"கண்டனான். புதுமண்ணை எடுப்பிச்சுப் போடுவம். பயப்பிடாதேங்கோ, அதுக்கு வழக்கு வைக்க மாட்டம்."

நாலு மூலையிலும் கட்டை அடித்துக் கயிறு கட்டினார்கள். உம்மாவும் மகளும் பக்கத்து வீட்டுக்குப் பாயோடு போனார்கள். கயிற்றுக்குள் குசினியும் அகப்பட்டிருந்தது. அடுப்பை எடுக்க அனுமதி கேட்டதற்கு, அடுப்பு எந்தக் காலம் என்று முடிவாகட்டும் என்றார்கள்.

கார்த்திகை கடைசி வெள்ளியன்று திறப்பு விழா. ஒழுங்கைக்கு வாழை கட்டி, மணலில் பலகை பரப்பி, ஒலிபெருக்கி பூட்டினார்கள். கந்தோரிலிருந்து கதிரைகளும் கதிரைக்குரியவர்களும் வந்தார்கள். சொல்லியனுப்பியபடி மஹ்றூபும் வந்தார், வீடு பார்க்க. ஜும்ஆ முடிந்து வந்தவர் கூட்டத்துக்குப் பின்னால் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்று கயிற்றையும் மண்ணையும் பார்த்தார். பெண்கள் வேலிக்கு உட்பக்கம் நின்றார்கள். கைருன்னிஸாவும் அங்கேதான் நின்றாள். ஜெமீலா அவளுடைய முழங்கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

மேடை போட மறந்துவிட்டார்கள். தில்லைநாதன் சுற்றிப் பார்த்தார். ஒழுங்கையில் உயரமான இடம் விழுந்த சுவர்தான். காற்சட்டையை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்துக்கொண்டு அதில் ஏறினார். இரண்டு பேர் ஒலிவாங்கியை ஏற்றிக் கொடுத்தார்கள்.

"பெரியோர்களே, இந்தச் சுவர் நின்றபோது இதை எவரும் பார்க்கவில்லை. விழுந்த பின்னரே இதன் உயரத்தை நாம் உணர்கின்றோம். குடியிருப்பு என்ற சொல்லுக்குள் குடியிருப்பவர்கள் அடங்குவார்களா என்று எமது சபை மூன்று அமர்வுகளில் ஆராய்ந்தது. அடங்கமாட்டார்கள் என்ற முடிவுக்கு வந்தோம். குடியிருப்பவர்கள் வருவார்கள், போவார்கள், சமைப்பார்கள், மெழுகுவார்கள், மாற்றுவார்கள். இருநூற்று நாற்பது ஆண்டுகளாக இந்த வீட்டுக்கு நேர்ந்த சேதங்கள் அனைத்தும் இதில் வசித்தவர்களாலேயே நேர்ந்தவை."

கை தட்டினார்கள்.

"எமது சபை பொறுப்பேற்று நான்கே மாதங்களில், எவ்விதச் செலவும் இன்றி, இதனை முதலாம் வகுப்புக்கு உயர்த்தியுள்ளோம். இவ்வொழுங்கையின் மிகுதிப் பதினொரு வீடுகளும் விரைவில் இதே நிலையை அடையும் என்று உறுதி கூறுகின்றேன்."

இன்னும் பலமாகக் கை தட்டினார்கள். அந்தப் பதினொரு வீட்டுக்காரரும் தட்டினார்கள், பிறகு நிறுத்தினார்கள்.

மஹ்றூப் சைக்கிளை உருட்டிக்கொண்டு வேலியோரம் வந்தார். கிடுகுக்கு வெளியே நின்று, உள்ளே நிற்பவளுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்: "தங்கச்சி, குறை நினைக்காதேங்கோ. வவுனியாக்காரர் திங்கக்கிழமை மறுமொழி கேக்கினம்."

அவர் சைக்கிளைத் திருப்பினார். ஏறவில்லை.

கைருன்னிஸா முழங்கையைப் பிடித்திருந்த மகளின் விரல்களை ஒவ்வொன்றாக எடுத்தாள். பொட்டால் போகவில்லை. படலையைத் திறந்துகொண்டு தெருவில் இறங்கினாள். தலையில் முக்காடு இருந்தது. முகம் திறந்திருந்தது. அத்தனை ஆண்களுக்கு நடுவால் அந்த ஒழுங்கைப் பெண் ஒருத்தி நடந்து போவதை அதற்குமுன் யாரும் கண்டதில்லை. எப்படித் தடுப்பதென்று தெரியாமல் வழி விட்டார்கள். முன்வரிசைக் கதிரைகளும் கால்களை உள்ளே இழுத்துக்கொண்டன. கயிற்றைக் குனிந்து கடந்தாள். கனகலிங்கம், "அம்மா, அது முதலாம் வகுப்பு" என்றார். அவள் அவரைத் தாண்டிப் போய், மண் குவியலின் அடியில், ஒலிவாங்கிக்குக் கிட்ட நின்றாள்.

தில்லைநாதன் பேச்சுத் தாளின் அடுத்த பக்கத்தைத் தேடிக்கொண்டிருந்தார்.

"இறங்குங்கோ ஐயா" என்றாள். ஒழுங்கை முழுவதும் அந்தக் குரல் கேட்டது. "நீங்கள் சப்பாத்தோட ஏறி நிக்கிறது என்ர மகளின்ர சீதனத்தில."